பழம்பாடல் வரியை எடுத்தாளும் முன்: யார், யாரிடம், எப்போது சொன்னது?

கேள்வி இது: மேடைப் பேச்சிலும் கட்டுரையிலும் அழைப்பிதழிலும் சங்கப் பாடல் வரிகளையும் புராணக் குறிப்புகளையும் பிழையில்லாமல் எடுத்தாள்வது எப்படி? எவை அடிக்கடி தவறாக வழங்குகின்றன?

பிழைகள் மூன்று வகை. வரியின் சொல் மாறிவிடுவது ஒன்று. பாடியவர் மாறிவிடுவது இன்னொன்று. இவை இரண்டையும் நூலைப் புரட்டிப் பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். மூன்றாவது கொஞ்சம் ஆழமானது: சொல்லும் சரி, புலவர் பெயரும் சரி, ஆனால் வரி தன் பாட்டுக்குள் எந்தச் சூழலில் நிற்கிறது என்று பாராமல் நேர்மாறான இடத்தில் கொண்டுபோய் வைப்பது. பாட்டை அறிந்தவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் சொன்ன ஓர் அடியோடு சொல்லாமல் விட்ட பத்து அடிகளும் அவர் காதில் விழும். குறிப்பு என்ற உத்தி வேலை செய்வதே அந்தப் பத்து அடிகளால்தான். அதனால் இந்த மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே அதிகம்.

கல்யாண அழைப்பிதழிலிருந்து தொடங்கலாம். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று தொடங்கும் குறுந்தொகை 40 அச்சாகாத முகூர்த்த மாதமே இல்லை. ஐந்தே அடி. என் தாயும் உன் தாயும் யார் யாரோ. என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு. நானும் நீயும்கூட ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம். செம்மண்ணில் பெய்த மழைநீர்போல அன்புடைய நெஞ்சங்கள் கலந்துவிட்டன. குறிஞ்சித் திணைப் பாட்டு. களவில் கூடிய பின், ‘இவன் பிரிந்துபோய்விடுவானோ’ என்று அஞ்சும் பெண்ணின் முகக்குறிப்பைக் கண்டு தலைவன் சொல்லும் உறுதிமொழி. இரண்டு வீட்டாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் பாட்டின் அடித்தளமே. காதல் திருமணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்காது. ஆனால் மணமகன் அத்தை மகனாக இருந்து, மூன்று தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வந்த வீடுகளாக இருந்தால், ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’ என்று அச்சடிப்பது வேடிக்கையாகிவிடும். அப்படிப்பட்ட அழைப்பிதழ்கள் ஏராளம்.

இதைவிட இக்கட்டானது குறுந்தொகை 49. ‘இம்மை மாறி மறுமை யாயினும் நீயா கியரென் கணவனை’ என்ற அடிகள் காதுக்கு இனியவை, பிறவிதோறும் தொடரும் பந்தம் என்று எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அம்மூவனார் பாடிய இந்த நெய்தல் பாட்டில் பேசுபவள், பரத்தையிடம் போய்த் திரும்பி வந்த கணவனை எதிர்கொள்ளும் மனைவி. அடுத்த அடி ‘யானா கியர்நின் நெஞ்சுநேர் பவளே’ என்று முடிகிறது. மறுபிறவியிலாவது உன் நெஞ்சுக்கு ஒத்தவளாக நான் ஆகவேண்டும் என்றால், இந்தப் பிறவியில் அந்த இடத்தில் வேறு ஒருத்தி இருக்கிறாள் என்றுதானே பொருள்? மணமகள் பெயருக்கு மேலே அச்சிட வேண்டிய வரி அல்ல.

பெரியோர் பார்த்து முடித்த திருமணத்துக்கு அகநானூறு 86 இருக்கிறது. நல்லாவூர் கிழார் பாடியது. உளுந்து சேர்த்துச் சமைத்த குழைவான பொங்கல், பந்தலுக்குக் கீழே பரப்பிய மணல், விளக்கு, மாலை, விடியற்காலை என்று ஒரு பழந்தமிழ்த் திருமணமே அதில் நடக்கிறது. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி மணமகளை நீராட்டி, ‘கற்பினின் வழாஅ நற்பல உதவிப் பெற்றோற் பெட்கும் பிணையை ஆக’ என்று வாழ்த்துகிறார்கள். உன்னைப் பெற்ற கணவன் விரும்பிப் பேணும் துணையாக இரு என்பது வாழ்த்து. நேரடியாகத் திருமணத்துக்கே சொன்னது என்பதால் பொருந்தும். இந்தப் பாட்டுக்கும் பழைய குறிப்பு இரண்டு சூழல் தருகிறது: தோழி வாயில் மறுத்தபோது, அதாவது அவனை வீட்டுக்குள் விட மறுத்தபோது, தலைவன் சொன்னது, அல்லது தலைவியோடு இன்புற்றிருந்தவன் பழைய நாளை நினைத்துச் சொன்னது. இரண்டாவதை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. காதலைப் பற்றிப் பொதுவாக ஒரு வரி போதும் என்றால் குறுந்தொகை 3: ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று நீரினும் ஆரள வின்றே’. தலைவி தன் வாயாலேயே தலைவனோடு கொண்ட நட்பைப் புகழ்வது. தோழி அவனைக் குறை சொல்லும்போது இவள் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்பதால் சூழலும் இடிக்காது.

வரவேற்புரைக்கு வருவோம். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார். 2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இந்தியப் பிரதமர் மேற்கோள் காட்டிய பிறகு இதன் புழக்கம் இன்னும் கூடியது. சொல் அளவில் ஒரு பிழை தொடர்ந்து வருகிறது: ‘கேளீர்’ என்று நெடிலாக எழுதினால் ‘கேளுங்கள்’ என்று ஆகிவிடும், உறவினர் என்ற பொருளுக்குக் குறில்தான் வேண்டும். பதாகை எழுதுபவரிடம் கொடுக்கும் முன் இந்த ஓர் எழுத்தைச் சரிபாருங்கள்.

சூழல் அளவில் இன்னொன்று. பதின்மூன்று அடிப் பாட்டில் நாம் வழங்குவது முதல் அடியை, மிஞ்சினால் ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்ற இரண்டாம் அடியை. மீதி முழுக்க வேறு தொனி. சாவு புதிதல்ல, வாழ்வு இனிதென்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்து இன்னாது என்றதும் இல்லை. மலையிலிருந்து பாறையில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில், நீர் போகிற வழியே போகும் தெப்பம்போல உயிர் முறைவழியே செல்லும். இதைத் தெளிந்ததால் ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று முடிகிறது. சிறப்பு விருந்தினரைப் புகழ்ந்து பொன்னாடை போர்த்தும் மேடையில் இந்தப் பாட்டைத் தொடங்குகிறவர், ‘பெரியவர்களைக் கண்டு வியக்கமாட்டோம்’ என்று முடியும் பாட்டைத் தொடங்குகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. உலக வணிகத்துக்கும் ஏற்றுமதிக்கும் இதைக் கொண்டுவருவதும் எனக்கு ஒட்டவில்லை. சமநிலை, ஊழ், பணிவு பற்றிய பேச்சில் இது இயல்பாக உட்காரும்.

பள்ளி ஆண்டுவிழாவின் நிரந்தர வரி ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’. புறநானூறு 312, பொன்முடியார். மூன்றாம் அடியை யாரும் மேடையில் சொல்வதில்லை: ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’. அதன் பின் அரசனின் கடமை வருகிறது. கடைசியில் ‘ஒளிறுவாள் அருஞ்சமம் முருக்கிக் களிறெறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே’. போர்க்களத்தில் யானையை வீழ்த்தித் திரும்புவது மகனின் கடமை. துறை மூதின்முல்லை, அதாவது மறக்குடியின் வீரத்தைச் சொல்வது. அந்த இடத்துச் சான்றோன் வீரன். பட்டம் வாங்கியவன் அல்ல. தாய் தந்தை கடமை பற்றிப் பேச முதல் இரண்டு அடியை மட்டும் எடுப்பது குற்றமில்லை, ஆனால் ‘அன்றே கல்வியை வலியுறுத்தினார்’ என்று விளக்கம் வேண்டாம். கல்விக்கு புறநானூறு 183 இருக்கிறது: ‘உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும் பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே’. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற அரசனே பாடியது.

அன்னதானப் பலகைகளில் காணும் ‘உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே’ இரண்டு இடங்களில் வருகிறது, இரண்டும் வெவ்வேறு திசையில் போகின்றன. புறநானூறு 18இல் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சொல்வது நீர்ப்பாசனம். உடம்பு உணவால் ஆனது, உணவு என்பது நிலத்தோடு சேர்ந்த நீர், ஆகவே நீரையும் நிலத்தையும் சேர்த்தவர்கள் உடம்பையும் உயிரையும் படைத்தவர்கள். பள்ளம் பார்த்து நீரைத் தடுத்துத் தேக்கு, புகழ் நிற்கும் என்பது அவர் வாதம். ஏரி தூர்வாரும் பணிக்கும், பாசனம் பற்றிய கட்டுரைக்கும் இந்தப் பாட்டு. மணிமேகலையில் அதே அடி பாத்திரம் பெற்ற காதையில், மணிபல்லவத் தீவின் காவல் தெய்வமான தீவதிலகை மணிமேகலையிடம் பசிப்பிணியைப் பற்றிப் பேசும்போது வருகிறது. அன்னதானத்துக்கு உரியது அது. ஆனால் அங்கே நான்கு அடி முன்னால் ‘ஆற்றுநர்க்கு அளிப்போர் அறவிலை பகர்வோர்’ என்று ஓர் அடி இருக்கிறது. வசதி உள்ளவர்களுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் அறத்தை விலைக்கு விற்பவர்கள். வசதிக்காரர்கள் திரளும் விருந்து மண்டப வாசலில் முந்தைய அடியை மறைத்துவிட்டு இந்த அடியை மட்டும் தொங்கவிடுவதை மணிமேகலை பாடிய சாத்தனார் பார்த்தால் சிரிப்பார்.

அமுதசுரபி என்று எழுதவேண்டிய இடத்தில் அட்சய பாத்திரம் என்று எழுதுவதும் இதோடு சேர்ந்தது. இரண்டும் வேறு வேறு. அட்சய பாத்திரம் மகாபாரதத்தில் வனவாசத்தின்போது சூரியனிடமிருந்து தருமன் பெற்றது. அதற்கு ஒரு வரம்பு உண்டு: அன்றைக்குத் திரௌபதி உண்டு முடித்துவிட்டால் மறுநாள்வரை எதுவும் வராது. துருவாசர் சீடர்களோடு வந்து நின்றபோது நெருக்கடி வந்ததே அதனால்தான். அமுதசுரபி மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்குக் கொடுத்தது. பாண்டிய நாட்டில் மழை பெய்து வளம் பெருகியதும் பிச்சை வாங்க ஆளில்லாமல் போனது. அவன் மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உயிர் துறந்தான். பின்னர் அது மணிமேகலை கைக்கு வந்தது. முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. ஆக, நாள்தோறும் அளவுக்குள் இயங்கும் ஒரு திட்டத்துக்கு அட்சய பாத்திரம் பொருந்தும். வாங்க ஆள் இருக்கும்வரை வற்றாதது என்று சொல்லவேண்டுமானால் அமுதசுரபி. ‘மணிமேகலையின் அட்சய பாத்திரம்’ என்று கலந்து எழுதுவது மட்டும் கூடாது.

வள்ளல்களில் பாரியும் பேகனும் அதிகம் அடிபடுகிறவர்கள். முல்லைக்குத் தேர் கொடுத்ததற்குச் சான்று சிறுபாணாற்றுப்படையின் ‘சிறுவீ முல்லைக்குப் பெருந்தேர் நல்கிய’ என்ற அடியும், புறநானூறு 200இல் கபிலர் சொல்வதும். கபிலர் அதைச் சொல்லும் இடம் கலங்கவைப்பது: பாரி இறந்தபின் அவன் மகளிரை ஏற்றுக்கொள்ளுமாறு விச்சிக்கோவிடம் கேட்டு நிற்கும்போது ‘நாத்தழும்பு ஏறும்படி பாடத் தெரியாத முல்லைக்கே தேரைக் கொடுத்தவனுடைய மக்கள் இவர்கள்’ என்கிறார். இப்படி ஒரு சூழலில் பிறந்த வரியைத் தேர்தல் கூட்டத்தில் ‘நவீன பாரியே’ என்று விளிக்கப் பயன்படுத்துகிறார்கள்.

பேகன் கதை இன்னும் கூர்மையானது. மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று புகழும் புறநானூறு 145 பரணரின் பாட்டு. அது புகழ்ச்சிப் பாட்டே அல்ல. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு வாழ்ந்தபோது, புலவர் அவன் வாசலில் நின்று, ‘பசித்தும் வாரேம், பாரமும் இலமே’ என்கிறார். பசித்தும் வரவில்லை, காப்பாற்ற வேண்டிய சுற்றமும் இல்லை; நாங்கள் கேட்கும் பரிசில், இன்றிரவே தேர் ஏறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான். மயில் குளிருமே என்று இரங்கியவன் மனைவிக்கு இரங்கவில்லை என்ற குத்தல் அதில் இருக்கிறது. ஒருவரை ‘பேகனைப் போன்றவர்’ என்று எழுதும்போது இந்த மறுபக்கமும் கூடவே வரும். (சிலம்பின் கண்ணகி வேறு, இந்தக் கண்ணகி வேறு. இதுவும் அடிக்கடி குழம்பும் இடம்.)

குறிப்பை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இலக்கணமே தேடவேண்டாம், சிலப்பதிகார வழக்குரை காதை போதும். ‘தேரா மன்னா’ என்று தொடங்கிக் கண்ணகி தன் ஊரைச் சொல்லும் ஏழு அடிகளில் இரண்டு பழங்கதைகள் இருக்கின்றன. ‘புள்ளுறு புன்கண் தீர்த்தோன்’ என்பது புறாவுக்காகத் தன் உடலைக் கொடுத்த சிபி. ‘வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுட’ மகனைத் தேர்ச்சக்கரத்தில் கிடத்தியவன், பசுவுக்கு நீதி செய்த சோழன். இருவர் பெயரையும் அவள் சொல்லவில்லை. கதையை விரிக்கவும் இல்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஓர் அம்சத்தை எடுக்கிறாள்: அடைக்கலம் என்று வந்த உயிரைக் காத்தது ஒன்று, தன் பிள்ளை என்றும் பாராமல் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது மற்றொன்று. கோவலன் விஷயத்தில் பாண்டியன் தவறியது சரியாக இந்த இரண்டிலும். வேறு எந்தச் சோழனைச் சொல்லியிருந்தாலும் இந்த வெட்டு விழுந்திருக்காது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: கேட்பவருக்குத் தெரிந்த கதை, பேசும் பொருளோடு ஒட்டும் ஒரே அம்சம், அதிகபட்சம் இரண்டு அடி. கதையை நீங்கள் முழுக்க விளக்கவேண்டி வந்தால் அது குறிப்பாக இருக்காது, கதாகாலட்சேபமாகிவிடும். இங்கே ஒரு தகவல் பிழையும் வரும். இதே சோழனுக்கு மனுநீதி என்ற பெயரும் திருவாரூர் என்ற களமும் பெரியபுராணம் தருபவை. சிலம்பில் பெயர் இல்லை, ‘பெரும்பெயர்ப் புகார்என் பதியே’ என்றுதான் கண்ணகி முடிக்கிறாள். சிலம்பை மேற்கோள் காட்டிக்கொண்டு திருவாரூரைச் சேர்க்காதீர்கள். அதே காதையில் பரல்களும் இடம் மாறிவிடும்: கண்ணகி சிலம்பில் மாணிக்கம், கோப்பெருந்தேவி சிலம்பில் முத்து.

இனி, வாய்வழக்கில் உருமாறிய தொடர்கள். இவற்றைப் பேச்சில் வழங்கலாம். மேற்கோள் குறிக்குள் போட்டுப் புலவர் பெயர் எழுதும்போதுதான் கவனம் வேண்டும்.

‘கண்டேன் சீதையை’ என்று கம்பன் எழுதவில்லை. சுந்தர காண்டத்துத் திருவடி தொழுத படலத்தில் இருப்பது ‘கண்டனென் கற்பினுக்கு அணியைக் கண்களால்’. சீதையின் பெயரே அந்த அடியில் கிடையாது. நல்ல செய்தியை முதல் சொல்லில் வை என்ற, சொல்லின் செல்வனான அனுமனின் உத்தி மட்டும் இரண்டிலும் ஒன்று. ‘இன்று போய் நாளை வா’ என்பதும் ஒரு சொல் குறைந்த வடிவம். யுத்த காண்டத்தில் ‘இன்று போய்ப் போர்க்கு நாளை வா’ என்று வருகிறது. அந்த ‘போர்க்கு’ முக்கியம், ஏனென்றால் கடன் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவது போன்ற பொருளில் இன்று அதை வழங்குகிறோம். அங்கே அது ஆயுதம் இழந்தவனுக்கு அளித்த அருள்.

‘கடன்பட்டார் நெஞ்சம் போலக் கலங்கினான் இலங்கை வேந்தன்’ என்பதைக் கம்பன் தலையில் கட்டாத பட்டிமன்றம் அரிது. கம்பராமாயணத்தில் அந்த அடி இல்லை. அருணாசலக் கவிராயரின் இராமநாடகத்தோடு சேர்த்து வழங்கும் விருத்தம் அது. இராவணன் கலங்கிய முதல் நாள் போர் முடிந்த மாலைக்குக் கம்பன் அடியே வேண்டும் என்றால் கும்பகருணன் வதைப் படலத்தின் தொடக்கத்தில் ‘வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்’ என்று இருக்கிறது. மார்பு, தோள், நா, முடி, வாள் என்று ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுக் கடைசியில் வீரத்தையும் சேர்ப்பது, கடன்காரன் உவமையைவிடக் கனமானது என்று எனக்குத் தோன்றும்.

‘நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே’ 1965இல் வந்த திருவிளையாடல் படத்தால் பரவிய வடிவம். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் சிவன் நெற்றிக்கண்ணைச் சிறிதே காட்ட, நக்கீரர் சொல்வது இன்னும் துணிச்சலானது: இந்திரனைப் போல உம் உடம்பு முழுதும் கண்ணானாலும் ‘மொழிந்த நும் பாடல் குற்றம் குற்றமே’. இந்திரன் உடம்பு முழுதும் கண்ணானது கௌதமர் சாபத்தின் கதை. ‘ஐந்தவித்தான் ஆற்றல்’ என்ற 25ஆம் குறளில் வள்ளுவர் இந்திரனைச் சாட்சிக்கு அழைப்பதற்கும் உரைகாரர் காட்டுவது அதே கதை. சிவனிடம் இந்திரனின் அவமானச் சின்னத்தை நினைவூட்டிப் பேசுகிறார் நக்கீரர்! தருமிக்குக் கிடைத்த ‘கொங்குதேர் வாழ்க்கை’ குறுந்தொகையின் 2ஆம் பாட்டு. அதைத் தனியாகப் படித்தால் கூந்தல் மணம் இயற்கையா செயற்கையா என்ற வழக்கே அதில் இல்லை. தும்பியைப் பார்த்து ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’, என் விருப்பத்துக்காகச் சொல்லாதே, கண்டதைச் சொல் என்று ஒரு காதலன் கேட்கிறான். விமர்சகர்களுக்கு வைக்க இதைவிட நல்ல வரி ஏது?

‘யாம் பெற்ற இன்பம்’ என்று தொடங்குவதைத் திருமந்திரப் பதிப்புகளில் ‘நான்பெற்ற இன்பம் பெறுகஇவ் வையகம்’ என்று காணலாம். ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்பதும் திருமந்திரமே. ஔவையார் பெயரில் இன்னொரு சிக்கல்: அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றுப் புறநானூறு 91 பாடியவர் சங்ககால ஔவை; ஆத்திசூடி, கொன்றைவேந்தன் பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். ‘கற்றது கைம்மண் அளவு’ தனிப்பாடல். மூன்றையும் ஒரே மூதாட்டியின் வாழ்க்கையாகக் கோப்பது கதைக்கு அழகு, கட்டுரைக்கு ஆகாது.

புராணப் பெயர்களை அடைமொழியாக்கும்போது எந்தக் கதைவடிவம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அகலிகை கல்லாகக் கிடந்தது கம்பனில். வான்மீகத்தில் அவள் கண்ணுக்குப் புலப்படாமல் சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள். இலட்சுமணன் கிழித்த கோடு இரண்டிலுமே இல்லை. கம்பனில் இராவணன் சீதையைத் தீண்டாமல் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுத்துப் போகிறான். ‘எடுக்கவோ கோக்கவோ’ என்ற கர்ணன் கதை வில்லிபாரதத்துக்கு உரியது, வியாசருக்கு அல்ல. பகீரதப் பிரயத்தனம் என்றால் ஒருவர் ஒரு வாரம் அலைந்தது அல்ல. சகரன் மக்களின் சாம்பலுக்குக் கங்கை வேண்டும் என்று அஞ்சுமானும் திலீபனும் முயன்று முடியாமல்போன வேலையைப் பகீரதன் முடித்தது. தலைமுறை தாண்டிய முயற்சிக்கு வைத்தால் சரியாக இருக்கும். திரிசங்கு சொர்க்கம் ‘இரண்டுங்கெட்டான்’ என்ற பொருளில் நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

கும்பகர்ணனை மட்டும் தூங்குமூஞ்சிக்கு வைப்பது வீண் என்பேன். கம்பனில் அவன் அண்ணனின் தவறைச் சபையிலேயே சொல்கிறான். வீடணன் வந்து அழைத்தபோது, ‘நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்’ என்று மறுக்கிறான். நீரில் போட்ட கோலம்போன்ற வாழ்வுக்காக அந்தப் பக்கம் வரமாட்டேன் என்கிறான். தவறு என்று தெரிந்தும் சோறிட்டவனுக்காக நிற்பவனுடைய வேதனையைச் சொல்ல இவனைவிட்டால் ஆளில்லை.

சரிபார்க்கும் முறை. உங்களிடம் இருக்கும் அடியின் பாட்டைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. அச்சு நூலில் பாட்டு முதற்குறிப்பு அகராதி கடைசிப் பக்கங்களில் இருக்கும். ஆனால் அதற்குப் பாட்டின் முதல் அடி தெரியவேண்டும். நடு அடி மட்டுமே தெரிந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலோ மதுரைத் திட்டத்தின் கோப்புகளிலோ தேடலாம். முதலாவதில் உரையும் கிடைக்கும், இரண்டாவதில் பெரும்பாலும் மூலம் மட்டும். தேடும்போது முழு அடியை இடாதீர்கள். ஒரு பதிப்பு ‘பெயனீர்’ என்று புணர்த்திருக்கும், மற்றொன்று ‘பெயல்நீர்’ என்று பிரித்திருக்கும். ‘படூஉம்’ போன்ற அளபெடை ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. சந்தியால் மாறாத ஒரு சொல்லை, ‘செம்புல’, ‘கல்பொரு’ என்பதுபோல, நடுவிலிருந்து எடுத்து இடுங்கள்.

பாட்டு கிடைக்காவிட்டால், கொடுக்கப்பட்ட எண்ணே பொய்யா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. குறுந்தொகை 4 முதல் 8 அடி (307, 391 இரண்டும் 9 அடி), நற்றிணை பெரும்பாலும் 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31, ஐங்குறுநூறு 3 முதல் 6. குறுந்தொகை என்று சொல்லி இருபது அடி அனுப்பினால் நம்பவேண்டாம். புறநானூறு 267, 268 இரண்டும் கிடைக்காமலே போன பாட்டுகள். அந்த எண்ணோடு வரும் எதுவும் கட்டுக்கதை. ‘தமிழா’ என்று விளித்து எதுகை மோனையோடு, அகராதி இல்லாமலே புரிகிற நடையில் ‘சங்கப் பாடல்’ என்று சுற்றுபவையும் அப்படியே.

அடுத்து, பாட்டை முழுதாகப் படித்து அடியில் உள்ள திணை, துறை, கூற்றுக் குறிப்பைப் பாருங்கள். அகப்பாட்டில் கூற்று மிக முக்கியம்: தலைவன் சொன்னதா, தலைவியா, தோழியா, செவிலியா. ‘சங்ககாலப் பெண் இப்படிச் சொன்னாள்’ என்று எழுதப்பட்ட வரி தலைவன் கூற்றாக இருப்பது சாதாரணம். இந்தக் குறிப்புகள் பிற்காலத்தில் தொகுத்தவர்கள் தந்தவை, மாற்றுக் கருத்துக்கு இடம் உண்டு; ஆனால் மாறுபடுகிறவர் அதைச் சொல்லிவிட்டு மாறுபட வேண்டும்.

பாடவேறுபாடு வந்தால் ஒரு பதிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். புறநானூறு 312இல் ‘நன்னடை நல்கல்’, ‘தண்ணடை நல்கல்’ என்று இரண்டும் உண்டு. முன்னது நல்லொழுக்கம், பின்னது மருதநிலத்து ஊர்களைக் கொடையாகத் தருவது. அரசன் கடமையே மாறிவிடுகிறது. உ.வே. சாமிநாதையரின் 1894 பதிப்பு வழியில் வந்த நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் அடிக்குறிப்பில் இந்த வேறுபாடுகள் கிடைக்கும்.

அச்சிடும்போது ஒன்று சீர் பிரித்த யாப்பு வடிவம், இல்லையேல் சொல் பிரித்த வடிவம். ஒரே வரியில் இரண்டையும் கலந்தால் யாப்பும் கெடும், பொருளும் தடுமாறும். நடுவில் விட்ட இடத்துக்குப் புள்ளி வையுங்கள். எண் தரும் முறை தொகை நூல்களுக்கு எளிது: புறம். 192:1 என்றால் போதும். சிலம்புக்கும் மணிமேகலைக்கும் காதை, அடி எண். கம்பனுக்குப் பாட்டு எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். காண்டம், படலம், பாட்டின் முதல் இரண்டு சொல் என்று கொடுத்தால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் தேடிக்கொள்வார். அழைப்பிதழில் எண் அழகாக இராது என்று நினைத்தால் புலவர் பெயரையாவது போடுங்கள்; ‘சங்க இலக்கியம்’ என்று மட்டும் போடுவது, அனுப்புநர் முகவரியில் ‘தமிழ்நாடு’ என்று மட்டும் எழுதுவதற்குச் சமம்.

இரங்கல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். ஔவை அதியமானுக்குப் பாடிய புறநானூறு 235 ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்பது பொருள். நட்பின் நெருக்கத்தைச் சொல்லும் பாட்டுகளில் தலைசிறந்தது. ஆனால் மறைந்தவரின் குடும்பம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசித்து எழுதுங்கள். வம்பு வேண்டாம் என்றால் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் ‘உண்டா லம்மவிவ் வுலகம்’, புறநானூறு 182: இந்திரர் அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்கள், புகழுக்கென்றால் உயிரும் கொடுப்பவர்கள், பழியென்றால் உலகமே கிடைத்தாலும் கொள்ளாதவர்கள், ‘தமக்கென முயலா நோன்றாள் பிறர்க்கென முயலுநர்’ இருப்பதால்தான் இவ்வுலகம் இருக்கிறது என்கிறது. அந்தக் கடைசி இரண்டு அடி மட்டுமே ஒரு பொதுவாழ்வு மனிதருக்குப் போதும்.